சீனக் கடலுணவு உணவகத்தில் பத்துப் பேருக்கு என்ன ஆர்டர் செய்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: பெரியவர்கள், குழந்தைகள் என்று வீட்டார் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சீனக் கடலுணவு உணவகத்துக்குப் போகப் போகிறீர்கள். வட்ட மேசை, வாசலிலேயே மீன் தொட்டிகள், மெனுவில் பாதி வரிகளுக்கு எதிரே விலைக்குப் பதிலாக 'சந்தை விலை'. அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். அக்கா மகனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது, பில் எகிறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மெனுவைத் திறப்பதற்கு முன் தொட்டியைப் பாருங்கள். உயிரோடு இருப்பவற்றில் இரண்டே இரண்டை எடுங்கள், மிஞ்சிப்போனால் மூன்று. அவற்றை முடிந்தவரை எளிமையாகச் சமைக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் சாதாரண விலை உணவாக இருக்கட்டும். முக்கியமாக, ஆர்டரை ஒரே ஆள் கொடுக்கட்டும். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். மற்றவர்களுக்கு விரிவாகச் சொல்கிறேன்.

இந்த மாதிரி இடங்களில் தலைக்கு ஒரு தட்டு என்ற கணக்கே கிடையாது. வருவதெல்லாம் நடுவில் இருக்கும் சுழல் தட்டுக்கு வரும்; ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணமும் தட்டும்தான். அதனால் ஆளாளுக்குப் பிடித்ததைச் சொல்ல விட்டால் எண்ணெயில் பொரித்தது மூன்று, இனிப்பும் புளிப்புமான குழம்பில் மிதப்பது இரண்டு, நூடுல்ஸ் இரண்டு என்று வந்து குவியும். கீரை ஒன்றுகூட இருக்காது. எல்லாம் கேட்டதுதான், ஆனால் மேசை முழுக்க ஒரே ருசி. கேண்டனீஸ் குடும்பங்களில், அதாவது ஹாங்காங்கும் குவாங்டாங்கும் இருக்கும் தென்சீனப் பகுதியினரிடம், பழகிய கை ஒன்றிடம் மெனு போவதும், மற்றவர்கள் 'எனக்கு இது மட்டும் வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வதும் இதனால்தான்.

அப்படி ஆர்டர் செய்பவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்? எந்த உயிரினம் என்பதைவிடச் சமைக்கும் முறையைப் பாருங்கள் என்பேன். ஆவியில் வெந்தது ஒன்று, கொதிநீரில் முக்கி எடுத்தது ஒன்று, வாணலியில் பெருந்தீயில் வதக்கியது ஒன்று, பொரித்தது ஒன்று, மண்சட்டியில் கொதித்துக்கொண்டே வருவது ஒன்று, கீரை ஒன்று. இப்படிப் பிரித்தாலே மேசை தானாகச் சமநிலைக்கு வந்துவிடும். சமையலறைக்கும் இது நல்லது. ஆவி அடுப்பு, வாணலி, பொரிக்கும் எண்ணெய், மண்சட்டி என்று அங்கே வேலை பிரிந்தே நடக்கும். எல்லாவற்றையும் வாணலிக்காரரின் தலையில் கட்டினால் உணவு வரிசையில் நின்று ஒவ்வொன்றாகத்தான் வரும்.

பத்துப் பேருக்கு எட்டு அல்லது ஒன்பது வகை தாராளம். கூட வருபவர்களில் சீனர் யாராவது இருந்தால் ஏழு வகையோடு நிறுத்தாதீர்கள். கேண்டனீஸ் வழக்கில் இறுதிச் சடங்குக்குப் பிறகான விருந்துக்குத்தான் ஏழு வகை வைப்பார்கள்.

சரி, தொட்டிக்கு வருவோம். தொட்டிகள் எத்தனை என்பதைவிட எவ்வளவு வேகமாகக் காலியாகின்றன என்பதுதான் முக்கியம். தொட்டி மீனுக்குப் பெரும்பாலும் தீனி போடமாட்டார்கள். நாள்பட இருக்கும் மீன் மெலியும், சதையில் ருசியும் இறங்கும். எனவே கூட்டம் அலைமோதும் கடையில் நாலே தொட்டி இருந்தாலும், ஆளில்லாத கடையின் இருபது தொட்டியைவிட அது மேல். தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், மேலே நுரை கட்டியிருக்கக் கூடாது. மீனின் மூக்குப் பக்கம் கண்ணாடியில் மோதி மோதிப் புண்ணாகியிருந்தால் வந்து நாளாயிற்று என்று பொருள். அடியில் அசையாமல் கிடக்கும் எல்லா மீனையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. களவா இயல்பாகவே அடியில் படுத்திருக்கும். செவுள் ஒரே சீராக அசைகிறதா, உடம்பு ஒருக்களித்துச் சாயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மட்டி, சிப்பி வகைகள் தொட்டால் மூடிக்கொள்ள வேண்டும். சமைத்து வந்த பிறகும் வாய் திறக்காதது இருந்தால் அதை நெம்பித் திறக்காதீர்கள், ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது 'சந்தை விலை'. இதில் மோசடி எதுவும் இல்லை; மீன் வரத்துக்கு ஏற்ப விலை தினமும் மாறுவதால் அச்சிட முடிவதில்லை. ஆனால் கேட்காமல் சரி என்று சொல்லிவிடுவது ஆபத்து. முதலில் கேட்க வேண்டியது, விலை எந்த அளவுக்கு என்று. சில ஊர்களில் 100 கிராமுக்குச் சொல்வார்கள், சில ஊர்களில் பவுண்டுக்கு. ஹாங்காங்கில் 'கேட்டி' என்ற பழைய எடை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு கேட்டி ஏறத்தாழ 605 கிராம், அதில் 16 'டேல்'. சீனப் பெருநிலத்தில் அதே எடையை 500 கிராம் என்று வகுத்து, பத்தாகப் பிரித்துவிட்டார்கள். தைவானில் அது 600 கிராம். ஹாங்காங்கில் பலகையில் எழுதியிருக்கும் எண் டேலுக்கா, கேட்டிக்கா என்பதில் பதினாறு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. 'அட, மலிவாக இருக்கிறதே' என்று தோன்றினால் உடனே இதைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: 'இந்த மீன் மொத்தம் எவ்வளவு வரும்?' அளவு, விகிதம் எல்லாம் குழப்பினாலும் இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் குழப்பாது. நல்ல கடையில் மீனை வலையில் அள்ளி, எடை போட்டு, வாளியிலோ கூடையிலோ மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். அது உங்களை அசத்துவதற்கான காட்சி இல்லை. எடையும் தொகையும் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கும் நேரம் அதுதான். பெரிதாகத் தோன்றினால், 'இதைவிடச் சின்னது இருக்கிறதா?' என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். நண்டுக்குக் கூடுதல் கவனம் தேவை. எடையில் பெரும்பகுதி ஓடு. கட்டியிருக்கும் கயிறு தடிமனாக இருந்து தண்ணீரில் ஊறியிருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். ஹாங்காங்கின் லெய் யூ முன், சாய் குங் மாதிரி இடங்களில் கடலுணவைத் தொட்டிக் கடையில் வாங்கி, பக்கத்து உணவகத்தில் கொடுத்துச் சமைக்கச் சொல்லலாம். அங்கே சமையல் கூலி தனி. அதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

மீன் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த உணவகத்தின் தரம் தெரிவது அதில்தான். ஒரே ஒரு உயிர் உணவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், கண்ணை மூடிக்கொண்டு முழு மீனை ஆவியில் வேகவைக்கச் சொல்லுங்கள். கேண்டனீஸ் முறையில் அதற்கு மசாலாவே கிடையாது. மீனுக்கு அடியில் வெங்காயத்தாளையோ சாப்ஸ்டிக்கையோ கொடுத்துச் சற்றுத் தூக்கிவைத்து, ஆவி கீழேயும் சுற்றும்படி பெருந்தீயில் எட்டு முதல் பத்து நிமிடம் வேகவைப்பார்கள். தட்டில் சேரும் நீரில் கவிச்சி வாடை இருக்கும் என்பதால் அதைக் கொட்டிவிடுவார்கள். மேலே மெல்லிய இஞ்சிச் சீவல், வெங்காயத்தாள். அதன் மேல் புகையும் அளவுக்குக் காய்ந்த எண்ணெயை ஊற்றியதும் 'சொய்ங்' என்று சத்தம் வந்து இஞ்சி மணக்கும். கடைசியில் சர்க்கரை சேர்த்து இளக்கிய சோயா சாஸ். மீன் பழையதாக இருந்தால் இந்தச் சமையலில் மறைக்க வழியே இல்லை; மறைக்க வேண்டிய மீனைப் பொரித்துக் குழம்பில் போட்டுவிடுவார்கள்.

வெந்த பதத்தைப் பார்த்துத்தான் பலர் முகம் சுளிக்கிறார்கள். நடு முள்ளை ஒட்டிய இடத்தில் லேசான இளஞ்சிவப்பு இருக்கும், சதை முள்ளிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருக்கும். அது வேகாத மீன் இல்லை, அந்தச் சமையல்காரர் குறிவைக்கும் புள்ளியே அதுதான். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் சதை வறண்டு நார்நாராகப் போய்விடும். ஆனாலும் மேசையில் கர்ப்பிணியோ, உடல் நலம் குன்றியவரோ இருந்தால் நன்றாக வேகவையுங்கள் என்று முன்பே சொல்லிவிடுவதுதான் சரி.

எந்த மீன்? குழந்தைகள் இருப்பதால் முள் குறைவான களவா, கொடுவா, டர்பட் இவற்றில் ஒன்று. ஆற்றுக் கெண்டை வகைகள் விலை குறைவுதான், ருசியும் மோசமில்லை. ஆனால் சதைக்குள் கவை கவையாக நுண்முள் இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. எடை 700 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் நடுப்பகுதி வேகும்போது ஓரம் முற்றிவிடும். சோயாவும் இஞ்சியும் மட்டும் என்றால் சப்பென்று இருக்குமே என்று யாராவது முனகினால் குவாங்டாங்கின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த தியோச்சூ முறையைக் கேளுங்கள்: ஊறுகாய்ப் பிளம், உப்பில் ஊறிய கடுகுக்கீரை, தக்காளி, டோஃபு சேர்த்துப் புளிப்பாக வேகவைப்பார்கள். புளிப்புக்குப் பழகிய நாக்குக்கு அது உடனே பிடித்துவிடும். காரம் வேண்டுமென்றால் ஊறவைத்த மிளகாயைக் கொத்திப் பரப்பி வேகவைக்கும் ஹூனான் மாகாண முறை இருக்கிறது. எல்லாக் கடையிலும் கிடைக்காது, கேட்டுப் பாருங்கள்.

வெயிட்டர் ஆர்வமாகப் பெரிய பெரிய பவளப்பாறைக் களவாவைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விலைக்காக மட்டும் சொல்லவில்லை. பவளப்பாறைப் பகுதியில் சின்ன மீனைத் தின்று தின்று பெரிதாகும் மீன்களில் சிகுவாடெரா என்ற நச்சு சேரக்கூடும். மீன் எவ்வளவு துடிப்பாக இருந்தாலும், எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது போகாது, ருசியிலும் தெரியாது. வாந்தி, வயிற்றுப்போக்கோடு சிலருக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவது போன்ற விசித்திரமான உணர்வும் வரும். தலை, தோல், குடல், முட்டை ஆகியவற்றில் நச்சு அதிகம். இன்னொன்று, நெற்றி புடைத்த நெப்போலியன் மீன் தொட்டியில் இருந்தால் அதையும் தவிருங்கள். அழியும் ஆபத்தில் உள்ள இனம் அது. 2004ல் அதன் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது.

மீன் மேசைக்கு வந்ததும் தலை மரியாதைக்குரிய விருந்தினரைப் பார்த்தபடி வைப்பார்கள். மேல்பக்கச் சதை தீர்ந்ததும் மீனைத் திருப்பிப் போடாதீர்கள். மீனைக் கவிழ்த்தால் படகு கவிழும் என்பது கடலோர மக்களின் நம்பிக்கை. நம்பிக்கை இல்லாவிட்டாலும், திருப்பும்போது சதை நொறுங்கிச் சாஸோடு கலந்துவிடும் என்பது உண்மை. நடு முள்ளை வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தூக்கி எடுத்துவிட்டால் கீழ்ப்பக்கம் முழுசாகக் கிடைக்கும். வெயிட்டரிடம் சொன்னால் அவரே செய்து தருவார். கன்னச் சதை ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு துண்டுதான், அதை வயதில் மூத்தவருக்கு எடுத்து வையுங்கள்.

இறாலுக்கும் இதே நியாயம்தான். உயிரோடு நீந்தும் இறாலைக் கொதிக்கும் நீரில் இஞ்சியோடு முக்கி எடுத்து, ஓட்டோடு அடுக்கி, பச்சை மிளகாய் மிதக்கும் சோயாவோடு தருவார்கள். கையால் உரித்துத் தின்ன வேண்டியதுதான். இறந்து நேரமான இறால் இந்தச் சமையலில் உடனே மாட்டிக்கொள்ளும். தலையில் இருக்கும் செரிமானச் சுரப்பு சதையைக் கரைக்கத் தொடங்கிவிடுவதால் தலை கழன்று வரும், சதை மாவு போல இருக்கும். அப்படி இருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் தேநீர்க் கிண்ணம் ஒன்று வரும், அது கை கழுவ. பத்துப் பேருக்கு அரைக் கிலோவைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். அக்கா மகனை இந்தத் தட்டிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள், அவன் விஷயத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

நண்டு கொண்டாட்டமான உணவு, கூடவே நேரத்தையும் கையையும் கேட்கும் உணவு. இஞ்சி, வெங்காயத்தாள் போட்டு வதக்குவது எல்லாக் கடையிலும் உண்டு. என் ஓட்டு 'புயல் புகலிட' நண்டுக்கு: பொரித்த பூண்டும் மிளகாயும் மொறுமொறுவென்று மலையாகக் குவிந்திருக்க, நண்டு அதற்குள் புதைந்து வரும். ஹாங்காங்கில் காஸ்வே பே பகுதியில், புயலின்போது படகுகள் ஒதுங்கும் புகலிடத்தில் படகிலேயே வாழ்ந்தவர்களின் சமையல் அது. மெனுவில் சில்லி க்ராப் இருந்தால் அது கேண்டனீஸ் சமையல் இல்லை, சிங்கப்பூரின் பிள்ளை. 1950களில் செர் யாம் தியான் என்ற பெண்மணி தள்ளுவண்டியில் தொடங்கிய உணவு அது. காரத்தைவிட இனிப்பும் தக்காளியும் தூக்கலாக இருக்கும், கூடவே பொரித்த பன் வாங்கிக் குழம்பைத் துடைத்துத் தின்ன வேண்டும். உப்பு முட்டை மஞ்சள் கருவில் புரட்டியது நாலு வாய்க்கு அற்புதம், ஐந்தாவது வாயில் திகட்டிவிடும். எந்த முறையானாலும் நண்டுக்கான விலை எடைப்படிதான். பத்துப் பேருக்கு நடுத்தர நண்டு இரண்டு போதும், வெட்டித்தான் தருவார்கள்.

சிங்கி இறால் வேண்டுமா? பிறந்த நாள், கல்யாண நாள் என்றால் சரி. அப்படி எடுத்தால் அடியில் ஈ-ஃபூ என்ற பொரித்த முட்டை நூடுல்ஸ் வைக்கச் சொல்லுங்கள். கூடுதல் காசு கேட்பார்கள், கொடுக்கலாம். ஒரே ஒரு சிங்கி இறாலின் சாறு முழுவதையும் அந்த நூடுல்ஸ் குடித்துவிடுவதால் பத்துப் பேருக்கும் ருசி போய்ச் சேரும். சீஸ் போட்டுத் தருவதைக் குழந்தைகள் விரும்பலாம், எனக்கு அது நல்ல சிங்கி இறாலை வீணடிப்பதாகவே படும்.

ஓட்டில் பூண்டும் சேமியாவும் வைத்து ஆவியில் வேகவைத்த ஸ்காலப் (ஒரு வகைச் சிப்பி) ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும், விலையும் எண்ணிக்கைப்படி. உப்பும் மிளகும் போட்டுப் பொரித்த கணவாய், நொதித்த கருப்பு சோயாவில் வதக்கிய மட்டி இரண்டும் மலிவு, இரண்டும் வயிறு நிறைக்கும். இவற்றை உயிரோடு தேட வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை.

உலர்ந்த கடலுணவுப் பக்கத்தை, அதாவது அபலோன் (ஒரு வகைக் கடல் நத்தை), கடல் அட்டை, மீன் பை (மீனின் காற்றுப்பை) எல்லாம் இருக்கும் பக்கத்தை, குடும்பச் சாப்பாட்டில் நான் திறப்பதே இல்லை. விலையின் பெரும்பகுதி கௌரவத்துக்கானது. தெரிந்துகொள்ள மட்டும்: அபலோனை 'தலை' கணக்கில் சொல்வார்கள். ஒரு கேட்டி எடைக்கு எத்தனை உருப்படி நிற்கிறது என்பதுதான் அந்த எண். ஆகவே எண் குறையக் குறைய உருப்படி பெரிது, விலை எங்கோ போகும். சுறாத் துடுப்பு சூப்பும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். துடுப்புக்குச் சொந்த ருசி கிடையாது, ருசியெல்லாம் சூப்பினுடையது; துடுப்புக்காகச் சுறாக்கள் அழிவதோ ஊரறிந்த கதை. ஹாங்காங் அரசே 2013ல் அரசு விருந்துகளிலிருந்து அதை நீக்கிவிட்டது.

அம்மாவின் சாப்பாடுதான் இந்த இடத்தில் கடினமான பகுதி. மெனுவில் 'காய்கறிகள்' என்ற தலைப்பைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சிப்பி சாஸ் உண்மையாகவே சிப்பியிலிருந்து வருவது. குவாங்டாங்கில் 1888ல் லீ கும் ஷியுங் உருவாக்கியதிலிருந்து கேண்டனீஸ் கீரைகளின் மேல் அது ஊற்றப்பட்டுக்கொண்டே இருக்கிறது. 'மேல்தரச் சாறு' என்று எழுதியிருந்தால் அது கோழி, பன்றி, உப்பிட்ட ஹாம் கொதித்த சாறு. வள்ளல் கீரையில் இறால் விழுது இருக்கலாம். எக்ஸ்ஓ (XO) என்ற கார சாஸில் காய்ந்த ஸ்காலப், காய்ந்த இறால், ஹாம் மூன்றும் உண்டு. காரமான மாப்போ டோஃபுவில் கொத்துக்கறி. மண்சட்டிக் கத்தரிக்காயில் கருவாடும் கொத்துக்கறியும் ஒளிந்திருக்கும். ஈ-ஃபூ நூடுல்ஸ் முட்டை சேர்த்துச் செய்வது, வறுத்த சோற்றில் முட்டை இல்லாமல் இருக்காது.

ஆகவே 'சைவம்' என்று மட்டும் சொல்வது போதாது. பல சமையலறைகளில் அதற்கு 'கறித்துண்டு கண்ணில் படக்கூடாது' என்றுதான் பொருள். இறைச்சி, மீன், இறால், முட்டை, சிப்பி சாஸ், இறைச்சிச் சாறு, கோழித் தூள், பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று பட்டியலாகச் சொல்லுங்கள். மொழி இடித்தால் கைபேசியில் சீன மொழியில் தட்டச்சு செய்து காட்டுங்கள். இன்னும் எளிய வழி, பௌத்தர்கள் விரத நாளில் உண்ணும் சைவம் போலச் செய்யுங்கள் என்பது. அதைச் சொன்னால் எவ்வளவு கண்டிப்பு என்று சமையல்காரருக்கு உடனே பிடிபடும். அந்த வழக்கில் பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. அம்மாவுக்கு அவை வேண்டுமென்றால் தனியே சொல்லிவிடுங்கள். இஞ்சி மட்டும் போட்டு எண்ணெயில் வதக்கிய காய் லான் (ஒரு சீனக் கீரை) அல்லது பட்டாணிக் கொழுந்து, காளானும் டோஃபுவும் மண்சட்டியில், பலவகைக் காய், காளான், கண்ணாடிச் சேமியா சேர்த்த 'லோ ஹான் ஜாய்', வெள்ளைச் சோறு. இவற்றில் இரண்டோ மூன்றோ இருந்தால் அம்மா பசியோடு திரும்பமாட்டார். மற்றவர்களும் அவற்றில் கை வைப்பார்கள் என்பதைக் கணக்கில் வைத்து அளவைக் கூட்டிச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுழல் தட்டு ஒரு சுற்று வருவதற்குள் காலியாகிவிடும். கடலுணவு வெந்த வாணலியிலேயே கீரையும் வதங்கும் என்பது மட்டும் மாறாது. அதை அம்மா ஏற்றுக்கொள்வாரா என்று வீட்டிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒவ்வாமையில் இந்த நெளிவுசுளிவுக்கெல்லாம் இடமில்லை. இறால் பட்டால் அரிப்பு, தடிப்பு என்ற அளவில் இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: கணவாயும் இறாலும் ஒரே எண்ணெயில்தான் பொரியும், வாணலி சட்டென்று அலசப்பட்டு அடுத்த உணவுக்குப் போகும், சாஸ்களில் காய்ந்த இறால் இருக்கும். அந்தப் பையனுக்கு முழுதாக ஆவியில் வேகவைத்த மீன், வெள்ளைச் சோறு, தனியாக வெட்டித் தரும் கோழி என்று சுழல் தட்டில் வைப்பதற்கு முன்பே தனித் தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். மீனும் தனித் தட்டில், தனி அடுக்கில் வேக வேண்டும் என்று சொல்லுங்கள். பரிமாறும் கரண்டிகள் தட்டுக்குத் தட்டு மாறிப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். மூச்சுத் திணறும் அளவுக்கு ஒவ்வாமை என்றால் என் பதில் வேறு: அவனைக் கூட்டிக்கொண்டு இந்த வகை உணவகத்துக்கே போகாதீர்கள். நண்டும் இறாலும் வேகும் ஆவியே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

உங்கள் பத்துப் பேருக்கு நான் ஆர்டர் கொடுத்தால் இப்படி இருக்கும்: அன்றைய சூப், முக்கி எடுத்த இறால், ஆவியில் மீன், பூண்டு நண்டு இரண்டு, பொரித்த கணவாய், மொறுமொறுத் தோலோடு பாதிக் கோழி, காளான் டோஃபு மண்சட்டி, இஞ்சிக் கீரை, கடைசியில் வறுத்த சோறு. இதில் தொட்டியிலிருந்து வருவது மூன்றுதான். பணம் நெருக்கினால் நண்டை எடுத்துவிட்டு மட்டியைச் சேர்ப்பேன், மீனை எடுக்கமாட்டேன்.

வரிசையையும் நீங்களே சொல்லலாம். வழக்கமாகச் சூப்பில் தொடங்கி, மீன் கடைசிப் பக்கமாக வந்து, அதற்குப் பிறகுதான் சோறோ நூடுல்ஸோ வரும். விருந்துக்கு அது அழகு. குடும்பத்தோடு போகும்போது நான் இறாலையும் மீனையும் முன்னால் கேட்பேன். பூண்டிலும் மிளகாயிலும் மரத்துப்போன நாக்குக்கு ஆவி மீன் ஒன்றும் சொல்லாது. வெள்ளைச் சோறு வேண்டுமென்றால் உட்கார்ந்ததுமே கேளுங்கள். கேட்காவிட்டால் எல்லாம் தீர்ந்த பிறகுதான் வரும், குழந்தைகள் அதுவரை பொறுக்கமாட்டார்கள்.

உட்கார்ந்ததும் எந்தத் தேநீர் என்று கேட்பார்கள். எண்ணெய்ப் பண்டங்களோடு பு-அர் என்ற கருந்தேநீர் நன்றாகப் போகும், குழந்தைகளுக்குச் செவ்வந்திப் பூத் தேநீர். பல இடங்களில் தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. கேட்காமலே வைக்கும் வேர்க்கடலைக்கும் ஊறுகாய்க்கும் காசு இருக்கலாம், வேண்டாமென்றால் அப்போதே எடுத்துப் போகச் சொல்லலாம். தேநீரை மற்றவர்களுக்கு ஊற்றிவிட்டுத்தான் தனக்கு. உங்களுக்கு யாராவது ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டுங்கள், அதுதான் நன்றி. கூஜா காலியானால் மூடியைச் சாய்த்து வையுங்கள், வெந்நீர் வந்துவிடும். சோற்றில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாக நட வேண்டாம், இறந்தவர்களுக்கு ஊதுவத்தி வைப்பதுபோல் தெரியும். சாப்ஸ்டிக் வராதவர்கள் கரண்டி கேட்பதில் எந்த அவமானமும் இல்லை. ஒவ்வொரு உணவுக்கும் பொதுச் சாப்ஸ்டிக்கோ கரண்டியோ கேளுங்கள். 2003ல் சார்ஸ் தொற்றுநோய் வந்த பிறகு ஹாங்காங்கில் இது பரவலாயிற்று, இப்போது கேட்டால் யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை.

போகும் நாளும் முக்கியம். சீனப் புத்தாண்டு, அன்னையர் தினம் மாதிரி நாட்களில் பல கடைகள் நிர்ணயித்த விருந்து மெனுவை மட்டுமே தரும், விலையும் ஏறியிருக்கும். அம்மாவுக்கான மாற்றங்களைச் சமையலறையில் கேட்கக்கூட நேரம் இருக்காது. வார நாள் மாலையில் சீக்கிரமாகப் போங்கள், பத்துப் பேர் மேசையை முன்பதிவு செய்யும்போதே சைவத்தையும் ஒவ்வாமையையும் சொல்லிவிடுங்கள். மற்ற நாட்களிலும் 'பத்துப் பேருக்கான செட்' இருக்கும். அதைப் பார்த்து வையுங்கள், ஆனால் அதில் உள்ள மீன் உயிர் மீனா ஐஸ் மீனா என்று கேளுங்கள். விலை இறங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

பில் வந்ததும் மீன், நண்டு, இறால் மூன்றின் எடையை மட்டும் சரிபாருங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே கைபேசியில் குறித்து வைத்திருந்தால் அரை நிமிட வேலை. மீந்ததைக் கட்டித் தரச் சொல்லலாம், அது சகஜம்தான். வறுத்த சோறு, கோழி, டோஃபு எடுத்துப் போங்கள். ஆவியில் வெந்த மீனை மட்டும் மேசையிலேயே தீர்த்துவிடுங்கள், மறுநாள் சூடு செய்தால் அது கவிச்சியடிக்கும். சாஸை வேண்டுமானால் டப்பாவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வெள்ளைச் சோற்றுக்கு நன்றாக இருக்கும்.